கொலம்பியா வீட்டுக்காரர், நெல்லை பொண்டாட்டி: பிட்ஸ்பர்க்க விட்டு எந்த ஊருக்குப் போறது?

பிட்ஸ்பர்க்_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், இதுதான் முதல் பதிவு, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு திருநெல்வேலி பக்கம். வீட்டுக்காரருக்கு கொலம்பியால காலிங்கற ஊரு. அவர் இங்க ஒரு ஆஸ்பத்திரில ஐசியூ நர்ஸ், நான் டேட்டா இன்ஜினியர். பையனுக்கு அடுத்த வருஷம் ப்ரீகே (கேஜிக்கு முந்தின வகுப்பு). எங்க ஆபீஸ்ல லேஆஃப் பேச்சு கிளம்பியாச்சு, எப்படியும் வேற வேலை தேடணும், தேடுறதுதான் தேடுறோம் ஊரையும் சேர்த்து மாத்திடலாமான்னு யோசனை.

எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. பென் ஹில்ஸ்ல பெருமாள் கோயில் இருக்கு, பொங்கல் தீபாவளிக்கு கூட்டம் இருக்கு, கறிவேப்பிலை கூட பக்கத்து கடையில கிடைக்குது. அவருக்குத்தான் ஒண்ணுமே இல்ல. பீச்வியூ பக்கம் சில கடை இருக்கு, நல்ல மனுஷங்க, ஆனா பெரும்பாலும் மெக்சிகோ சாப்பாடு. டிசம்பர் 7 ராத்திரி அவங்க ஊர்ல வேலித்தாஸ்னு வாசல், தெரு, ஜன்னல்னு எல்லா இடத்துலயும் மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. சில வருஷம் நம்ம கார்த்திகையும் அதுவும் ஒட்டியே வரும், நான் பால்கனில அகல் வெச்சா அவர் பக்கத்துலயே கலர் கலரா மெழுகுவர்த்திய வரிசையா நிறுத்துவார். போன தடவ அத வீடியோ கால்ல மாமியாருக்கு காட்டிட்டு இருந்தாரு. அவங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, ஆமா கீழ் வீட்டுல ஏன் இருட்டா இருக்கு, அவங்க ஏத்தலயான்னு கேட்டாங்க. அவர் ஒண்ணும் சொல்லல, சிரிச்சுட்டு பேச்ச மாத்திட்டாரு.

அப்புறம்தான் சீரியஸா பார்க்க ஆரம்பிச்சோம். அவர் சென்சஸ் கணக்க எடுத்து வெச்சுக்கிட்டு சான் ஆன்டோனியோல 64 சதவீதம் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), மியாமில 70, ஹூஸ்டன்ல 44, இதுல ஒண்ணுன்னு சொல்றாரு. நான் சிகாகோவையும் சேர்த்து வெச்சிருக்கேன். வேலை வேணும், வாடகை கட்டுற மாதிரி இருக்கணும், பையனுக்கு ஸ்பானிஷ் வரணும், தமிழும் போயிடக்கூடாது. பேராசைதான், தெரியுது. அந்தந்த ஊர்ல இருக்கவங்க உள்ளத சொல்லுங்க.

சும்மா_ஒருத்தன்

வேலை கிடைக்குற ஊருதாங்க சொந்த ஊரு. கலாச்சாரம்லாம் யூடியூப்ல வரும்.

குவீன்ஸ்_கவிதா

@சும்மா_ஒருத்தன் நீங்க நியூ ஜெர்சி எடிசன்ல உக்காந்துக்கிட்டு, கீழ இறங்கினா சரவணபவன், பக்கத்து தெருவுல தமிழ்ப் பள்ளின்னு வாழ்ந்துக்கிட்டு இத சொல்றீங்க. உங்களுக்கு மட்டும் யூடியூப் போதுமா இருக்கல?

சும்மா_ஒருத்தன்

நான் எடிசன்னு யாரு சொன்னா. (எடிசன்தான்.)

சரவணன்_210

சிஸ்டர், நான் சான் ஆன்டோனியோல இருக்கேன். ஊரு அருமையான ஊரு, எனக்கு ரொம்ப பிடிக்கும், அதனாலதான் இத சொல்றேன். அந்த 64 சதவீதத்த பாத்து ஏமாறாதீங்க.

இங்க இருக்கிற லத்தீனோன்னா பெரும்பாலும் மெக்சிகன் அமெரிக்கன், அதுலயும் நிறைய பேரு தெஹானோ, அதாவது டெக்சஸ் அமெரிக்காவோட சேர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்த குடும்பங்க. ஊரே 1718ல ஸ்பானிஷ்காரங்க மிஷன் கட்டி ஆரம்பிச்சது. அவங்க வந்தேறிங்க கிடையாது, நாமதான். அவங்க கலாச்சாரம் தனி கலாச்சாரம். காலைல மாவு டார்ட்டியாவுல முட்டை உருளைக்கிழங்கு வெச்ச டாகோ, எண்ணெய்ல போட்டா பூரி மாதிரி உப்புற பஃபி டாகோ, அக்கார்டியன் வெச்சு வாசிக்கிற கொன்ஹுன்தோ பாட்டு. அந்த அக்கார்டியனே அந்தக் காலத்துல இங்க குடியேறுன ஜெர்மன், செக்காரங்க கிட்ட இருந்து வந்தது. ஏப்ரல்ல ஃபியஸ்டான்னு ஒண்ணு நடக்கும், 1891ல இருந்து நடக்குது, ஊரே மெடல் மாட்டிக்கிட்டு திரியும், ஆபீஸ்ல மேனேஜர் கூட கழுத்துல மெடலோடதான் மீட்டிங்குக்கு வருவாரு. எல்லாம் சூப்பர். ஆனா காலிக்காரருக்கு இதுல எது அவரோடது? கும்பியா மட்டும் கேக்கும், அது பொறந்தது கொலம்பியா கரையோரம்தான், ஆனா இங்க கேக்குற கும்பியாவ அவர் கேட்டா இது என்னதுன்னு கேப்பாரு.

இன்னொண்ணு. என் டீம்ல இருக்கிற கார்சியா, மார்ட்டினெஸ் பாதி பேருக்கு ஸ்பானிஷ் சரளமா வராது. அவங்க தாத்தா பாட்டி காலத்துல ஸ்கூல்ல ஸ்பானிஷ் பேசினா அடி விழும், அதனால அவங்க பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்காமலே வளத்துட்டாங்க. இது டெக்சஸ் முழுக்க நடந்த கதை. உங்க வீட்டுக்காரர் போய் வாய் நிறைய ஸ்பானிஷ்ல பேசினா எதிர்ல இருக்கவரு சங்கடப்பட்டு இங்கிலீஷ்ல பதில் சொல்ற சீன் அடிக்கடி நடக்கும். பசங்க ஸ்பானிஷ் பேசுவாங்கன்னு நினைச்சு வந்தீங்கன்னா அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

வேலைன்னா யூஎஸ்ஏஏ (இன்சூரன்ஸ்), எச்ஈபி (மளிகை), வலேரோ (எண்ணெய்), இதுங்கதான் பெருசு, ஆஸ்பத்திரிங்க நிறைய. சைபர் செக்யூரிட்டி வேலை எக்கச்சக்கம், ஏன்னா ராணுவம், விமானப்படை, என்எஸ்ஏங்கற உளவு நிறுவனம் எல்லாம் இங்க இருக்கு. ஆனா அதுல பெரும்பங்குக்கு க்ளியரன்ஸ் (ரகசிய வேலைக்கு அரசாங்க அனுமதி) வேணும், க்ளியரன்ஸுக்கு சிட்டிசனா இருக்கணும். சம்பளம் ஆஸ்டின், டாலஸ விட கம்மியா இருக்கும், வாடகையும் கம்மி.

எச்1பி_ஏழுமலை

சரவணன் அண்ணே உண்மைய சொன்னீங்க. நான் க்ளியரன்ஸ் வேணும்னு தெரியாம அப்ளை பண்ணி பண்ணியே ஒரு வருஷம் ஓட்டினேன்.

இழைக்கு சம்பந்தம் இல்லாத கேள்வி, மன்னிக்கணும். நான் எச்1பி வேலை விசால டாலஸ்ல இருக்கேன், சால்சா டான்ஸ் கத்துக்கிட்டு இருக்கேன் (சிரிக்காதீங்க), மியாமி போகணும்னு ஆசை. கம்பெனி ரிமோட்தான், அப்படியே பெட்டிய தூக்கிட்டு போயிடலாமா?

குவீன்ஸ்_கவிதா

@எச்1பி_ஏழுமலை போயிடாதீங்க! வீட்டுல இருந்து வேலை பார்த்தாலும் அந்த வீடுதான் உங்க வொர்க்சைட். எல்சிஏல (விசாவுக்காக கம்பெனி லேபர் டிபார்ட்மென்ட்ல போடுற விண்ணப்பம்) போட்டிருக்கிற மெட்ரோ ஏரியாவ, அதாவது ஊரும் சுத்துவட்டாரமும், தாண்டினா போறதுக்கு முன்னாடியே கம்பெனி அமெண்டட் பெட்டிஷன் (திருத்தின விசா மனு) போடணும். 2015ல சிமியோன்னு ஒரு தீர்ப்பு வந்துச்சு, அதுல இருந்து இது கறாரா இருக்கு. டாலஸ்ல இருந்து மியாமி போறது வேற மெட்ரோ. வக்கீல்கிட்ட பேசாம வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுடாதீங்க. சால்சா டாலஸ்லயே ஆடுங்க தம்பி.

பிட்ஸ்பர்க்_பொண்ணு

சரவணன் அண்ணா ரொம்ப நன்றி. இத அவருக்கு மொழிபெயர்த்து சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "ஆனா பஃபி டாகோ சாப்பிட்டு பாக்கணும்"னாரு.

ஏழுமலை சிரிக்கல. எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, காலி சால்சான்னா இடுப்ப விட கால்தான் முக்கியமாம், அவ்வளவு வேகம், மியாமில கத்துக்கிட்டது அங்க எடுபடாதாம். பெருமை தாங்கல.

பேர்லாந்து_மாமா

அம்மா, நான் ஹூஸ்டன் பக்கம் பேர்லாந்துல இருக்கேன், மதுரைக்காரன், கெமிக்கல் இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆகப் போறேன். மீனாட்சி கோயிலுக்கு நடந்தே போற தூரம், அதுக்காகவே வாங்கின வீடு.

உங்க வீட்டுக்காரர் நர்ஸுன்னு சொன்னீங்க. அப்படின்னா ஹூஸ்டன விட்டுட்டு வேற ஊர யோசிக்கிறதே தப்புன்னு சொல்லுவேன். டெக்சஸ் மெடிக்கல் சென்டர்னு ஒரே இடத்துல 60க்கும் மேல ஆஸ்பத்திரி, காலேஜு, ஆராய்ச்சி நிலையம், ஒரு லட்சம் பேருக்கு மேல வேலை பாக்குறாங்க. ஸ்பானிஷ் பேசுற ஐசியூ நர்ஸ விடவே மாட்டாங்க. லத்தீனோன்னாலும் சரவணன் சொன்ன மாதிரி ஒரே வகை கிடையாது இங்க. மெக்சிகோ அதிகம்தான், ஆனா எல் சால்வடார், ஹோண்டுராஸ் ஆளுங்க கல்ஃப்டன் பக்கம் நிறைய, கேட்டி பக்கம் வெனிசுவேலாக்காரங்க எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு வந்து வந்து அத கேட்டிசுவேலான்னே கூப்பிடுறாங்க. வெனிசுவேலா, கொலம்பியா ரெண்டு பேரும் அரேபான்னு சோள ரொட்டி சாப்பிடுறவங்க, யாரோடது நல்லதுன்னு சண்டையும் போடுவாங்க, அதனால உங்க வீட்டுக்காரருக்கு சண்டை போட ஆள் கிடைக்கும்.

குறை என்னன்னா தண்ணியும் காத்தும். 2017ல ஹார்வி புயல்ல எங்க தெரு தப்பிச்சது, ரெண்டு தெரு தள்ளி இடுப்பளவு தண்ணி. 2024 ஜூலைல பெரில் புயல் வந்து 20 லட்சம் இணைப்புக்கு மேல கரண்ட் போச்சு, அந்த வெயில்ல எங்க வீட்டுல நாள் கணக்கா ஏசி இல்ல, ஃப்ரிட்ஜுல இருந்த இட்லி மாவு பொங்கி கதவ திறந்துகிட்டு வெளிய வந்துடுச்சு. வீடு வாடகைக்கு எடுத்தாலும் வெள்ள மேப்ப பாத்து எடுங்க. மாநில வருமான வரி கிடையாதுன்னு சொல்லுவாங்க, சொந்த வீடு வாங்கினா ப்ராபர்ட்டி டாக்ஸ்ல அத மொத்தமா வசூல் பண்ணிடுவான். அப்புறம் கார் இல்லாம கறிவேப்பிலை கூட வாங்க முடியாது, பேர்லாந்துல இருந்து கேட்டி போக ட்ராஃபிக்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதாவது எங்க கோயிலும் உங்க அரேபாவும் ஒரே ஊர்னு பேருதான்.

மியாமி_மாப்ள

பொண்டாட்டி க்யூபாக்காரி, நான் கும்பகோணம், அதனால இந்த இழை எனக்காகவே போட்ட மாதிரி இருக்கு.

மியாமில ஸ்பானிஷ் தெரியாமதான் கஷ்டம். பேங்க்ல, கார் ரிப்பேர் கடைல, பையன் ஸ்கூல் ஆபீஸ்ல முதல் வார்த்தையே ஸ்பானிஷ்தான். மதியானம் மூணு மணிக்கு ஆபீஸ்ல ஒருத்தர் போய் கொலாதா வாங்கிட்டு வருவாரு, சின்ன ஸ்டைரோஃபோம் டம்ளர்ல தார் மாதிரி காபி, கூடவே குட்டி குட்டி ப்ளாஸ்டிக் மூடி மாதிரி கப்பு, எல்லாருக்கும் ஊத்தி குடுப்பாங்க, கும்பகோணம் டிகிரி காபிய குடிச்ச வாய்க்கு அது ஒண்ணுதான் சமாதானம். வந்த புதுசுல அந்த டம்ளர் மொத்தமும் எனக்குன்னு நினைச்சு ஒருத்தரு முழுசா குடிச்சாரு, ராத்திரி பூரா தூங்கல. நான் இல்ல, கூட வேலை பாத்தவரு.

கொலம்பியாக்காரங்க கெண்டல், வெஸ்டன் பக்கம் நல்லாவே இருக்காங்க. வெஸ்டன் பக்கத்துலயே சவுத்வெஸ்ட் ராஞ்சஸ்ல சிவா விஷ்ணு கோயிலும் இருக்கு, உங்களுக்கு அது சௌகரியம். பான்டெபோனோங்கற கொலம்பியா சீஸ் ரொட்டி காலைல சூடா கிடைக்கும். ஆனா காசு விஷயத்துல நேர்மையா சொல்லணும்னா இந்த ஊரு சம்பளத்துக்கும் வாடகைக்கும் சம்பந்தமே இல்ல. நர்ஸ் சம்பளம் இங்க வடக்க குடுக்குற அளவு கிடையாது, வாடகை மட்டும் அவங்களோட போட்டி போடும். வீடு வாங்கினா இன்சூரன்ஸ் ப்ரீமியத்த பாத்தே மயக்கம் வரும். டேட்டா வேலைக்கு மியாமி டவுன்டவுன் பக்கம் ப்ரிக்கல்ல பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனிங்க இருக்கு, அங்கயும் லத்தீன் அமெரிக்க க்ளையண்ட பாத்துக்கிற வேலைன்னா ஸ்பானிஷ் கேப்பாங்க. உங்களுக்கு எவ்வளவு தூரம் வரும்?

பிட்ஸ்பர்க்_பொண்ணு

மாமியார் திட்டினா புரியும். திருப்பி திட்ட வராது.

நர்ஸ்_செல்வி

இங்க யாரும் லைசென்ஸ் பத்தி பேசலயேன்னு பாத்துட்டே இருந்தேன். நானும் நர்ஸுதான் (ஆர்என்), வேலூர்ல படிச்சு இங்க வந்தவ.

உங்க வீட்டுக்காரருக்கு பென்சில்வேனியா லைசென்ஸ். நர்ஸுங்களுக்கு காம்பாக்ட்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதுல சேர்ந்த மாநிலம் ஒண்ணுல மல்ட்டிஸ்டேட் லைசென்ஸ் வாங்கிட்டா மத்த மாநிலத்துலயும் வேலை பாக்கலாம். பென்சில்வேனியா 2025 ஜூலைலதான் முழுசா உள்ள வந்துச்சு. அவர்கிட்ட இருக்கிறது பழைய ஒத்தை மாநில லைசென்ஸா, மல்ட்டிஸ்டேட்டான்னு முதல்ல பாருங்க, அது தானா மாறாது, தனியா அப்ளை பண்ணணும். டெக்சஸ், ஃப்ளோரிடா, நியூ ஜெர்சி எல்லாம் காம்பாக்ட். நியூயார்க், இல்லினாய், கலிஃபோர்னியா கிடையாது, அங்க போகணும்னா புதுசா எண்டோர்ஸ்மென்ட் (இருக்கிற லைசென்ஸ வெச்சு அந்த மாநில லைசென்ஸ் வாங்குறது), கைரேகை, காத்திருப்பு எல்லாம் உண்டு. காம்பாக்ட் மாநிலத்துக்கே போனாலும் நிரந்தரமா குடி போனா 60 நாளுக்குள்ள புது மாநிலத்துல அப்ளை பண்ணிடணும். டெக்சஸ்னா கூடவே அவங்க சட்டத்த பத்தி ஒரு பரீட்சை இருக்கு, கஷ்டமில்ல, ஆனா எழுதாம விட முடியாது.

ஸ்பானிஷ் தெரிஞ்ச நர்ஸுன்னு சொன்னா எல்லா இடத்துலயும் சந்தோஷப்படுவாங்க. ஆனா வேலைக்கு சேர்றப்பவே கேட்டுக்கோங்க, மொழிக்கு தனியா பணம் உண்டா, டெஸ்ட் வெச்சு சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்களான்னு. இல்லன்னா சொந்த பேஷண்ட பாக்குறதோட எல்லா வார்டுக்கும் ஓடி ஓடி இலவச மொழிபெயர்ப்பாளரா ஆயிடுவாரு. நான் தெலுங்கு பேஷண்டுக்கு பட்ட பாடு எனக்கு தெரியும், எனக்கு தெலுங்கே வராது.

குவீன்ஸ்_கவிதா

சரி, என் ஊரு நியூயார்க் குவீன்ஸுக்கு வர்றேன். கொலம்பியான்னு சொன்னப்பவே ஜாக்சன் ஹைட்ஸ்னு கத்தணும்னு தோணுச்சு, அடக்கிக்கிட்டேன்.

தோழி, 7 நம்பர் ட்ரெயின்ல 74வது தெரு ஸ்டேஷன்ல இறங்கினா ஒரு பக்கம் படேல் கடை, நகைக்கடை, மோமோ வண்டி. அப்படியே ரூஸ்வெல்ட் அவென்யூல தலைக்கு மேல ட்ரெயின் கடகடன்னு போற சத்தத்துல 82வது தெரு வரைக்கும் நடந்தா ரெண்டு பக்கமும் கொலம்பியா பேக்கரி, ஈக்வடார் சாப்பாடு, கம்பியில குத்தி சுடுற கறி. அதே ட்ரெயின்ல கடைசி ஸ்டாப் ஃப்ளஷிங் போனா கொஞ்சம் நடை, பௌன் தெரு பிள்ளையார் கோயில், கீழ கேன்டீன்ல தோசை. காலைல கோயில், மதியம் சான்கோச்சோன்னு கொலம்பியா சூப்பு, ஒரே ட்ரெயின்ல. இந்த மாதிரி இன்னொரு ஊர எனக்கு தெரியாது.

இப்ப கெட்ட செய்தி. வாடகை. ரெண்டு பெட்ரூம் பாக்க ஆரம்பிச்சீங்கன்னா முதல் நாளே அழுகை வரும். மாநில வரி போக சிட்டி வரி தனி. செல்வி சொன்ன மாதிரி லைசென்ஸ் காம்பாக்ட்டும் கிடையாது. நர்ஸ் சம்பளம் இங்க நல்லாவே இருக்கும், ஆனா அது வீட்டு ஓனர் கைக்குத்தான் போகும்.

சிகாகோ_சித்தப்பா

யாரும் சிகாகோ பத்தி பேசாததால நான். பில்சன்ல தேசிய மெக்சிகன் கலை மியூசியம் இருக்கு, டிக்கெட்டே கிடையாது, இலவசம். லிட்டில் வில்லேஜ்ல 26வது தெரு, வளைவுல "பியன்வெனிதோஸ்"னு எழுதியிருக்கும், கல்யாண துணிக்கடையா இருக்கும் தெரு முழுக்க. ஹம்போல்ட் பார்க்ல போர்ட்டோ ரீக்கோக்காரங்க இரும்புலயே பெரிய கொடி செஞ்சு ரோட்டுக்கு மேல நட்டு வெச்சிருக்காங்க. எல்லாம் உண்டு, ஆனா கொலம்பியாவுக்குன்னு அப்படி ஒரு தெரு கிடையாது. குளிர் பத்தி பிட்ஸ்பர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், இங்க அதோட காத்தும் சேரும்.

இன்னொண்ணு சொல்லணுமா வேண்டாமான்னு யோசிச்சேன். 2025 செப்டம்பர்ல இங்க இமிக்ரேஷன் ரெய்டு ஆரம்பிச்சப்ப 26வது தெரு எப்படி காலியாச்சுன்னு கண்ணால பாத்தேன். கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எல்லாம் இருக்கவங்க கூட பாஸ்போர்ட்ட பையில வெச்சுக்கிட்டு கடைக்கு வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஜூன்ல எல்.ஏ.ல நடந்தது எல்லாருக்கும் தெரியும். லத்தீனோ கூட்டமா இருக்கிற இடத்துக்கு குடி போறப்ப இதையும் கணக்குல வெச்சுக்கோங்க. போகாதீங்கன்னு சொல்லல.

பிட்ஸ்பர்க்_பொண்ணு

சித்தப்பா, சொன்னது நல்லதுதான். அவர் சிட்டிசன், எனக்கு அவர் மூலமா கிரீன் கார்டு. ஆனா அவர் பேசுற இங்கிலீஷ்ல அந்த இழுவை இருக்கும், அதனால வீட்டுல இது பேசிட்டுதான் இருக்கோம். அவர் சொல்றது, பிட்ஸ்பர்க்ல நான் ஒருத்தன் தனியா தெரியுறத விட ஊரோட ஊரா இருக்கிறது மேல்னு. எனக்கு அது சரியா தப்பான்னு சொல்லத் தெரியல.

ஓக்ட்ரீ_அக்கா

நான் லேட்டா வந்திருக்கேன், ஆனா பதில் என்கிட்டதான் இருக்கு, கேளுங்க.

நீங்க எல்லாரும் ஊரு ஊரா பேசுறீங்க, சதவீதம் பேசுறீங்க. தங்கச்சிக்கு வேணும்னா அது லத்தீனோ ஊரு இல்ல, கொலம்பியா தெரு. ஒரு தெரு போதும். பேக்கரி ஒண்ணு, கூரியர் கடை ஒண்ணு, ஸ்பானிஷ் பூசை நடக்குற சர்ச் ஒண்ணு, மேட்ச் நாள் மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு கத்துற கடை ஒண்ணு. அது இருந்தா ஊரு மொத்தம் அவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. நம்மளையே பாருங்க, நியூ ஜெர்சில நாம எத்தன சதவீதம்? ஆனா இந்தியக் கடைங்க நிறைஞ்ச ஓக் ட்ரீ ரோட்டுல நின்னா இந்த ஊரே நம்மளோடதுன்னு தோணும்.

நியூ ஜெர்சில எலிசபெத்னு ஒரு ஊரு, நெவார்க் ஏர்போர்ட்டுக்கு ஒட்டினாப்ல. மோரிஸ் அவென்யூ பக்கம் போய் பாருங்க, கொலம்பியா கொடிதான். நான் வேலைக்கு போற வழி. ஒரு சனிக்கிழமை கூட வேலை பாக்குற பொண்ணு இழுத்துட்டு போனா, கண்ணாடிக்குள்ள பான்டெபோனோ, புன்யுவெலோ, உருண்டையா பழுப்பா, நம்ம சுசியம்னு நினைச்சு கடிச்சேன், உள்ள சீஸ். கடைல இருந்த அம்மா மை லவ், மை குயின்னு கூப்பிட்டு குடுத்தாங்க, நம்ம ஊரு பூக்காரம்மா மாதிரி.

அங்க இருந்து நார்த்ஈஸ்ட் காரிடார் ட்ரெயின்ல ஏறினா லிண்டன், ராவே, மெட்ரோபார்க், மெடச்சன், எடிசன். ஒரே லைன். மெட்ரோபார்க்ல இறங்கினா ஐசலின், ஓக் ட்ரீ ரோடு. அதாவது அவரோட தெருவும் உங்க தெருவும் அரை மணி நேரத்துக்குள்ள. ப்ரிட்ஜ்வாட்டர்ல பெருமாள் கோயில் இருக்கு. தமிழ்ப் பள்ளிங்க எத்தனையோ. வேலைன்னா நர்ஸுக்கு ஆஸ்பத்திரி எண்ணிக்கைக்கு பஞ்சமில்ல, காம்பாக்ட் மாநிலம்னு செல்வியே சொல்லிட்டாங்க. உங்களுக்கு நியூ ப்ரன்ஸ்விக்ல ஜான்சன் அண்ட் ஜான்சன், ராவேல மெர்க், இன்னும் மருந்துக் கம்பெனிங்க, டேட்டா ஆளுங்கள எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. இல்லன்னா அதே ட்ரெயின்ல நியூயார்க்.

வீடு வாங்குற பேச்ச மட்டும் இப்ப எடுக்காதீங்க. ப்ராபர்ட்டி டாக்ஸ் நாட்டுலயே இங்கதான் அதிகம், மாநில சராசரியே வருஷத்துக்கு 10,000 டாலர தாண்டியாச்சு. 

பேர்லாந்து_மாமா

நியூ ஜெர்சிக்காரங்க எந்த கேள்விக்கும் நியூ ஜெர்சின்னுதான் பதில் சொல்லுவாங்க. மதுரைல மழை பெய்யுமான்னு கேட்டாலும் எடிசன் வாங்கன்னு சொல்லுவாங்க.

ஓக்ட்ரீ_அக்கா

மாமா, உங்க இட்லி மாவு கதைய நான் மறக்கல.

ரோட்ஐலண்ட்_ராசு

அக்கா சொன்ன தெரு கணக்குதான் சரி. எங்க சென்ட்ரல் ஃபால்ஸ் ஒரு சதுர மைல் அளவுதான் இருக்கும், நாட்டுல பாதி பேரு கேள்வியே பட்டிருக்க மாட்டாங்க. 1960கள்ல நெசவு மில்லுல தறி தெரிஞ்ச ஆளு இல்லன்னு கொலம்பியால இருந்து கூட்டிட்டு வந்தாங்க. மில்லு மூடி எத்தனையோ வருஷமாச்சு, அவங்க பேரன் பேத்தி இன்னும் இங்கதான். ஆனா தங்கச்சிக்கு டேட்டா வேலை இங்க கம்மி, பாஸ்டன் ஓடணும், அதனால சிபாரிசு பண்ணல. சும்மா சொல்லணும்னு தோணுச்சு.

டீச்சர்_தேவகி

பையன் ஸ்கூல் பத்தி யாரும் தொடல, நான் டெக்சஸ்ல எலிமெண்டரி டீச்சர். பைலிங்குவல்னு போர்டு போட்டதெல்லாம் ஒண்ணு கிடையாது. டெக்சஸ் சட்டப்படி ஒரு மாவட்டத்துல ஒரே கிரேடுல ஒரே மொழி பேசுற, இங்கிலீஷ் கத்துக்கிற பசங்க 20 பேரு இருந்தா பைலிங்குவல் குடுத்தாகணும். ஆனா அதுல ஒரு வகை ட்ரான்சிஷனல், ஸ்பானிஷ்ல ஆரம்பிச்சு சீக்கிரமா இங்கிலீஷுக்கு தள்ளி விட்டுட்டு ஸ்பானிஷ கை கழுவிடுவாங்க. உங்களுக்கு வேண்டியது டூ வே டூயல் லாங்குவேஜ், பாதி பசங்க வீட்டுல ஸ்பானிஷ், பாதி பசங்க இங்கிலீஷ், ரெண்டுலயும் கணக்கு அறிவியல்னு அஞ்சாவது வரைக்கும் ஓடும். சில ஸ்கூல்ல ஆரம்பத்துல 90 பங்கு ஸ்பானிஷ், 10 பங்கு இங்கிலீஷ், சிலதுல பாதிக்கு பாதி. எந்த ஊருக்கு போனாலும் இந்தக் கேள்விய இப்படியே கேளுங்க, இது ட்ரான்சிஷனலா டூ வேயா, எத்தனாவது வரைக்கும்னு. இடம் நிறைய ஸ்கூல்ல குலுக்கல்லதான், கேஜிக்கு அப்புறம் நடுவுல சேக்குறது கஷ்டம். அதனால உங்க ஊர் மாத்தற தேதிய வேலை முடிவு பண்ண விடாதீங்க, ஸ்கூல் ரெஜிஸ்ட்ரேஷன் தேதிய வெச்சு பின்னாடி எண்ணுங்க.

தமிழ் விஷயத்துல, ஹைஸ்கூல் முடிக்கிறப்ப ஸீல் ஆஃப் பைலிட்டரசி (ரெண்டு மொழி தெரியும்னு குடுக்குற சான்று) ஸ்பானிஷுக்கு மட்டுமில்ல, தமிழுக்கும் எடுத்த பசங்க இருக்காங்க. அது ரொம்ப தூரம் இருக்கு, இப்ப வீட்டுல நீங்க தமிழ், அவர் ஸ்பானிஷ், ரெண்டு பேரும் மாறாம பேசுங்க. ஸ்பானிஷுக்கு ஊரு உதவும், தமிழுக்கு நீங்கதான்.

பிட்ஸ்பர்க்_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி முழுக்க மேப்ப வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். அவர் சதவீத லிஸ்ட்ட மூடிட்டாரு. மோரிஸ் அவென்யூவ ஸ்ட்ரீட் வியூல ஒவ்வொரு கடையா பேரு படிச்சுக்கிட்டே போனாரு, ஒரு கடை வாசல்ல லுலாதான்னு எழுதியிருந்ததாம், அது அவங்க காலி ஊரு ஜூஸு, மத்த கொலம்பியாக்காரங்களே அவ்வளவா போடமாட்டாங்களாம், உடனே மாமியாருக்கு ஸ்க்ரீன்ஷாட் போச்சு.

சான் ஆன்டோனியோவ விட்டாச்சு, சரவணன் அண்ணாவுக்கு சாரி. மியாமிய மனசில்லாம விட்டோம். இப்ப ஹூஸ்டனும் ஜெர்சியும். அவர் ரெண்டுக்கும் அப்ளை பண்ணப் போறாரு, மல்ட்டிஸ்டேட்டுக்கு அப்ளை பண்ணலன்னு செல்வி அக்கா சொன்ன பிறகுதான் பாத்தோம், பழைய லைசென்ஸ்தான். நான் மருந்துக் கம்பெனிங்க பக்கம் தேட ஆரம்பிச்சுட்டேன்.

ஓக்ட்ரீ அக்கா, ரெண்டு கேள்வி. எலிசபெத்துலயே குடியிருக்கலாமா, இல்ல ராவே, லிண்டன் மாதிரி நடுவுல இருக்கிறது நல்லதா? அவருக்கு நைட் ஷிஃப்ட் இருக்கும், காலைல 8 மணிக்கு வீட்டுக்கு வரணும், நான் அதே நேரம் கிளம்பணும், பையன யாரு கூட்டிட்டு போறதுன்னு ஒரு பத்து நிமிஷ இடைவெளிலதான் எங்க குடும்பமே ஓடுது.

ஓக்ட்ரீ_அக்கா

ராவே பாருங்க. அங்க நார்த்ஈஸ்ட் காரிடாரும் வரும், நார்த் ஜெர்சி கோஸ்ட் லைனும் வரும், அதனால ஒரு ட்ரெயின் விட்டா இன்னொண்ணு சீக்கிரமே உண்டு, எலிசபெத்துக்கும் ரெண்டும் போகும். ஸ்டேஷன் பக்கத்துல புது அப்பார்ட்மென்ட் கட்டியிருக்காங்க, வாடகை கொஞ்சம் கூட, நடந்து ரெண்டு தெரு தள்ளினா பழைய ரெண்டு குடும்ப வீடுங்க மாடில குறைவா கிடைக்கும். ஹீட் யாரு கட்டுறதுன்னு எழுதி வாங்கிக்கோங்க. நைட் ஷிஃப்ட்டுக்கு ட்ரெயின நம்பாதீங்க, அவருக்கு கார் வேணும், ராத்திரி பார்க்கிங் பெர்மிட் உண்டான்னு கேட்டுட்டு ஒப்பந்தம் போடுங்க. வந்து பாக்குறதா இருந்தா ஞாயித்துக்கிழமை வேண்டாம், வேலை நாள் காலைல 7 மணிக்கு ஸ்டேஷன்ல வந்து நில்லுங்க, அப்பதான் தெரியும். வர்றதுக்கு முன்னாடி மெசேஜ் பண்ணுங்க, பையன நான் பாத்துக்கிறேன்.

எச்1பி_ஏழுமலை

அக்கா, அந்த மோரிஸ் அவென்யூல சால்சா க்ளாஸ் இருக்கா? டாலஸ்ல இருந்துதான் கேக்குறேன், அமெண்டட் பெட்டிஷன் போட்டுட்டுதான் வருவேன்.